துரும்பு முறிக்கப் போன நடை

ஒரு ஊர்ல ஒரு பள்ளம் இருந்துச்சு. ராஜாவா? ராஜா எல்லாம் கிடையாது. அவ்வளவு தூரம் மேல ஏறி வர எந்த ராஜாவுக்கும் மூச்சு பத்தாது. மலைக்கு நடுவுல ஒரு பள்ளம், அவ்வளவுதான் கதைக்கு. காலை நீட்டிக்கோ. போர்வையை இழுத்துக்கோ. அத்தை ஒரு தடவைதான் சொல்லுவேன், நடுவுல தண்ணி வேணும்னு எந்திரிக்கக் கூடாது. நான் நிறுத்தற இடத்துல எல்லாம் நீ "ம்" சொல்லணும். "ம்" வந்தா நீ கூடவே வர்றேன்னு எனக்குத் தெரியும். இருட்டுல வேற எப்படித் தெரியும்? சரியா?

"ம்."

அந்தப் பள்ளத்துக்குப் பேரு கூவாப்பள்ளம். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஒரு ஓடை. மேல ஒரு ஊத்துல பொறந்து, சலசல சலசலன்னு இறங்கி வந்து, மூங்கில் புதருக்குள்ள புகுந்து, அப்புறம் மலையை விட்டே குதிச்சுக் கீழ்நாட்டுக்குப் போயிடும். ஓடையை ஒட்டி ஒரே ஒரு பாதை. எவ்வளவு அகலம் தெரியுமா? உன் ரெண்டு காலையும் சேர்த்து வெச்சா அவ்வளவு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நடக்க முடியாது. ஒருத்தர் முன்னால, ஒருத்தர் பின்னால. ஆடு போனாலும் அப்படித்தான், கல்யாண ஊர்வலம் போனாலும் அப்படித்தான்.

கூவாப்பள்ளம்னு ஏன் பேரு? அங்க யாரும் யாரையும் கூவிக் கூப்பிட மாட்டாங்க. ஏன்னா, பள்ளத்துக்கு மேல ஒரு புல்லு மேடு, அந்த மேட்டுக்கு எதிர்ல ஒரு பெரிய பாறை நிக்குது, செவுரு மாதிரி. நீ இங்கேர்ந்து "ஏய்"னு கூப்பிட்டா, அந்தச் சத்தம் பாறையில பட்டு, அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ "ஏய்"னு கூப்பிடற மாதிரி கேட்கும். வெயில் நேரத்துல பரவாயில்ல. மஞ்சு இறங்கிடுச்சுன்னா? மஞ்சுன்னா மேகம். மலையில மேகம் தரையோட தரையா வரும், நீட்டின கை தெரியாது. அப்போ நீ கூப்பிட்டா, கேட்கிறவங்க பாறைப் பக்கமா நடந்து போவாங்க. பாறைக்கும் மேட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்லாததுதான் அங்க சங்கடம். கிடுகிடுன்னு பாதாளம்.

அதனால மஞ்சுல ஒருத்தர் வழி மாறிப் போறது தெரிஞ்சா, அந்த ஊர்க்காரங்க கூப்பிட மாட்டாங்க. நின்னுடுவாங்க. நின்னா என்ன ஆகும்னு கேட்காதே, அது அப்புறம் வருது.

இப்படிக் கூவாமக் கூவாம இருந்து, அந்தப் பள்ளமே சத்தம் இல்லாம ஆகிப்போச்சு. இலை விழுந்தாக் கேட்கும். ஓடையில தவளை குதிச்சா "ப்ளக்"னு மேல கடைசி வீடு வரைக்கும் கேட்கும். கீழேர்ந்து யாராவது ஏறி வந்தா, ஆள் தெரியறதுக்கு முன்னாடி காலடிச் சத்தம் வந்து சேர்ந்துடும். "அது இன்னார் நடை"ன்னு அடுப்படியில இருந்தே சொல்லிடுவாங்க.

"ம்."

அப்புறம், அந்தப் பள்ளத்துல கோம்பையன்னு ஒருத்தன் இருந்தான். அங்கயே பொறந்து அங்கயே வளர்ந்தவன். நல்லவனா கெட்டவனான்னு கேட்காதே. மனுஷன். சாமை விதைப்பான், தேன் எடுப்பான், குழம்புல உப்பு இல்லேன்னா வாயைத் திறக்காம சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவான். அவனுக்குக் கீழ்நாட்டுலேர்ந்து ஒரு பொண்ணைக் கட்டி வெச்சாங்க. அவ பேரு சிட்டாயி. சிட்டாயி ஊர்ல எல்லாம் அகலமான வண்டிப்பாதை. நாலு பேர் கைகோத்துப் பேசிக்கிட்டே நடக்கலாம். அப்படி நடந்து பழகினவ.

சந்தைக்குப் போகணும்னா ரெண்டு பேரும் கிளம்புவாங்க. கோம்பையன் முன்னால, சிட்டாயி பின்னால. அவன் நடை எப்படி? விசுக் விசுக் விசுக். அவ நடை? தட்டு, தட்டு, ஒரு நிறுத்தம், முள்ளு எடுப்பு, மறுபடியும் தட்டு தட்டு. அவன் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருப்பான். திரும்பிப் பார்க்கவே மாட்டான். அந்த ஊர்ல ஆம்பளை பாதையில திரும்பித் திரும்பிப் பொண்டாட்டியைப் பார்த்தா, பார்த்தவங்க எல்லாம் சிரிச்சே மானத்தை வாங்கிடுவாங்க. அதெல்லாம் ஒரு பெரிய மானம்.

அவன்கிட்ட ரெண்டு கெட்ட பழக்கம் இருந்துச்சுன்னு சிட்டாயி சொல்லுவா. ஒண்ணு, திடீர்னு பாதை நடுவுல கம்பம் மாதிரி நின்னுடுவான். பின்னால வர்றவ போய் அவன் முதுகுல "தொம்"னு இடிச்சுக்குவா. ஏன் நின்னேன்னு சொல்ல மாட்டான். இன்னொண்ணு, அவனோட உருமா. உருமான்னா தலையில சுத்திக் கட்டற துண்டு. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு, அந்த உருமாவை அவுத்து, உதறி, திரும்பச் சுத்திக் கட்டுவான். அவ மூச்சு வாங்க வந்து சேரும்போது சரியாக் கட்டி முடிச்சுட்டு, விசுக் விசுக்குன்னு கிளம்பிடுவான்.

"இந்தப் பள்ளத்துலயே உங்க உருமா மட்டும்தான் இத்தனை தடவை அவுந்து போகுது. அழகு பார்த்துக்கற ஆளைப் பாரு"ன்னு அவ குத்திக் காட்டுவா. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். அதான் சொன்னேனே, உப்பு இல்லேன்னாலே சொல்லாதவன்.

"ம்."

அப்போ ஒரு நாள், சந்தையிலேர்ந்து திரும்பி வரும்போது சிட்டாயி வழுக்கி விழுந்துட்டா. பெரிய அடி இல்ல, முழங்கால் சிராய்ப்பு. கையில இருந்த கருப்பட்டி ஓடையில உருண்டு போச்சு. நிமிர்ந்து பார்த்தா அவன் முதுகு மட்டும் தெரியுது, அடுத்த வளைவுல, உருமா கட்டிக்கிட்டு. அவ்வளவுதான். அன்னைக்கு அவளுக்கு மனசு விட்டுப்போச்சு. அழுகை கூட வரல. வீட்டுக்குப் போகாம நேரா மூப்பர் வீட்டுக்குப் போயிட்டா.

மூப்பர்னா அந்த ஊருக்குப் பெரியவர். பேரு சடையப்பர். மேல, ஊத்துக்குப் பக்கத்துல அவர் குடிசை. முழங்கால் வலி, அதனால எப்பவும் கோவம்.

சிட்டாயி சொன்னா: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் இவரு முதுகைத்தான் பார்க்கிறேன். பின்னால வர்றேனா, விழுந்து கிடக்கேனா, ஒரு நாள் திரும்பிப் பார்த்ததில்ல. முதுகோட எத்தனை காலம் குடும்பம் நடத்துறது? எனக்குத் துரும்பு முறிச்சுக் குடுத்துடுங்க."

அந்த ஊர்ல புருஷன் பொண்டாட்டி பிரியணும்னா ஒரு துரும்பை ஆளுக்கு ஒரு முனை பிடிச்சு முறிக்கணும். டக்குன்னு ஒடிஞ்சா முடிஞ்சுது. அவ அவ வீட்டுக்கு, அவன் அவன் வீட்டுக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு தடவை அந்தப் பள்ளம் முழுக்க நடந்தாகணும். ஓடை மலையை விட்டுக் குதிக்கிற இடத்துலேர்ந்து, அது பொறக்கிற ஊத்து வரைக்கும். விடிஞ்சதும் கிளம்பி, வெயில் பள்ளத்தை விட்டுப் போறதுக்குள்ள வந்து சேரணும்.

அதுக்குச் சட்டம் இருக்கு. பிரியணும்னு கேட்டவங்கதான் முன்னால போகணும். முன்னால போறவங்க திரும்பிப் பார்க்கக் கூடாது. ரெண்டு பேரும் வாய் பேசக் கூடாது. வந்து சேரும்போது சேர்ந்து வரணும். பேசினாலோ, ஒருத்தர் பின்தங்கிப் போனாலோ நடை செல்லாது. அடுத்த சாமை அறுப்பு வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ இருந்துதான் ஆகணும். யார் வெச்ச சட்டமோ, வெலாவாரியாத்தான் வெச்சிருக்காங்க.

"சம்மதமா?"ன்னு மூப்பர் கோம்பையனை ஆள் விட்டு வரவழைச்சுக் கேட்டாரு.

அவனுக்குப் பிரிய மனசே இல்ல. ஆனா அதைச் சொல்றதுக்கு வாய் வேணுமே. "அவ இஷ்டம்"னு சொல்லிட்டு உருமாவைச் சரி பண்ணிக்கிட்டான்.

ஆனா கண்ணு, வீட்டுக்குப் போயிப் படுத்தவனுக்கு ஒரு யோசனை வந்துச்சு. வழியில ஒரு கல்லுல சும்மா உட்கார்ந்துட்டாப் போதும். பின்தங்கிப் போயிட்டான், நடை செல்லாது. பொண்டாட்டி வீட்டுலயே இருப்பா. திருட்டு யோசனைதான். ஆனா நான் யாருக்கும் பரிஞ்சு பேசப் போறதில்ல, நடந்ததைச் சொல்றேன்.

"ம்."

அப்புறம் விடிஞ்சுது. மூங்கில் புதர்கிட்டேர்ந்து ரெண்டு பேரும் கிளம்பினாங்க. சிட்டாயி முன்னால, கோம்பையன் பின்னால. அவ எடுத்து வெச்ச முதல் அடியிலயே, மூஞ்சியில "சவக்"னு ஒண்ணு ஒட்டிச்சு. சிலந்திக்கூடு. துடைச்சுட்டு நடந்தா. இன்னொண்ணு. கண்ணு இமையில ஒண்ணு, வாயில ஒண்ணு. ராத்திரி பூரா சிலந்திங்க பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி வெச்சிருக்கு. விடிகாலையில யாரு முதல்ல போறாங்களோ அவங்க மூஞ்சிக்குத்தான் அத்தனையும். அப்புறம் ரெண்டு பக்கமும் சாமைப் பயிர் சாஞ்சு கிடக்கு, பனி சொட்டச் சொட்ட. அவ சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு கால்ல ஒட்டிக்கிச்சு. இத்தனை நாள் இந்தப் பாதையில நடந்திருக்கா, ஒரு நாளும் மூஞ்சியில கூடு ஒட்டினதில்ல, சேலை இப்படி நனைஞ்சதில்ல. ஏன்னு யோசிச்சா. யோசிச்சுட்டு, யோசனையை அப்படியே விட்டுட்டா. கோவமா இருக்கும்போது சில யோசனையை முடிக்கக் கூடாது, கோவம் கெட்டுப் போயிடும்.

பின்னால வர்றவன் கதை என்ன? அவ ஒரு மூங்கில் கிளையை ஒதுக்கிட்டுப் போய் விட்டா, அது திரும்பி வந்து அவன் கன்னத்துல "பளீர்". அவனும் எத்தனை வருஷமாக் கிளையை அப்படித்தான் விட்டுக்கிட்டு இருந்தான். அது எங்க போய்ப் படுதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அப்புறம் ஓடையைக் கடக்கிற இடம் வந்துச்சு. தண்ணி ஜிலுஜிலுன்னு ஐஸ் மாதிரி. அடியில கூழாங்கல்லு ஒவ்வொண்ணும் தெரியுது. சின்னச் சின்ன மீன் காலைக் கடிச்சுப் பார்த்துட்டு ஓடுது. சிட்டாயி சளக் சளக்குன்னு இறங்கி அக்கரைக்குப் போயிட்டா. கோம்பையன் நடுவுல ஒரு பாறையைப் பார்த்தான். உட்கார வாட்டமா, வெயில் பட்டுக் கதகதன்னு இருந்துச்சு. உட்கார்ந்துட்டான்.

உட்கார்ந்தாச்சு. இனிமே எந்திரிக்க வேண்டாம். அவ பாட்டுக்குப் போகட்டும்.

அக்கரையில சிட்டாயிக்குப் பின்னால சளக் சளக் கேட்கல. அவ கால் தானா நின்னுச்சு. திரும்பிப் பார்க்கக் கூடாதே? அவ என்ன பண்ணா, குனிஞ்சு சேலை முந்தியைப் பிழிய ஆரம்பிச்சா. பிழிஞ்சா. தண்ணி எல்லாம் போச்சு. அப்பவும் பிழிஞ்சா. காய்ஞ்ச துணியையே பிழிஞ்சுக்கிட்டு நின்னா. "அவரு வரலேன்னா நடை செல்லாது, அதுக்காகத்தான் நிக்கிறேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா.

கோம்பையன் பாறையில இருந்து அதைப் பார்த்தான். இவ்வளவு ஆசையாப் போகணும்னு நிக்கிறவளை, ஒரு கல்லுல உட்கார்ந்து கட்டிப்போடறது என்ன பொழைப்புன்னு அவனுக்குத் தோணுச்சு. எந்திரிச்சுட்டான். சளக் சளக். அந்தச் சத்தம் கேட்டதும் அவ முந்தியை உதறிட்டு நடக்க ஆரம்பிச்சா.

"ம்... புலி வருமா அத்தை?"

புலி வராது. இந்தக் கதைக்கு அதெல்லாம் கட்டுப்படி ஆகாது. வேற ஒண்ணு வருது, சும்மா கேளு.

அப்புறம் சோலை வந்துச்சு. சோலைன்னா அடர்த்தியான காடு. உள்ள போனா பகல்லயே அந்தி மாதிரி இருக்கும். மரத்து மேல எல்லாம் பாசி, பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட மாதிரி. தரையில மக்கின இலை, மெத்து மெத்துன்னு. எங்கேயோ ஒரு குருவி சீழ்க்கை அடிக்குது, மாடு மேய்க்கிறவன் சும்மா நடந்துக்கிட்டே அடிப்பானே, அப்படி, ஒரு ராகமும் இல்லாம. தண்ணி எங்கேயோ சொட்டுது. சொட்... சொட்... அங்க நடந்தா யாருக்குமே வேகமா நடக்கத் தோணாது. சிட்டாயியும் மெதுவாத்தான் நடந்தா. நல்லா இருக்கேன்னு அவளுக்கே இருந்துச்சு. முதுகு மறைக்காமப் பார்க்கிறது அதுதானே முதல் தடவை.

ஒரு வளைவு திரும்பினா. நின்னுட்டா.

பாதை நடுவுல காட்டுமாடு. கருகருன்னு, நம்ம வீட்டுக் கதவு அகலத்துக்கு. கால் நாலும் வெள்ளைத் துணி சுத்தின மாதிரி. மூக்குலேர்ந்து "புஸ்ஸ்"னு புகை. அவளையே பார்க்குது.

கத்தினாப் பாயும். ஓடினா மிதிக்கும். அவ கம்பம் மாதிரி நின்னா. மூச்சு கூட விடல. பின்னால வந்தவன் அவ முதுகுல "தொம்"னு வந்து இடிச்சான். அவனுக்கு மாடு தெரியல. பின்னால வர்றவங்களுக்கு மாடு எங்க தெரியும், முதுகுதான் தெரியும். அப்புறம் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தான். அவனும் கம்பமா நின்னான்.

ரொம்ப நேரம் கழிச்சு, மாட்டுக்கு அலுத்துப் போச்சு. சடசடன்னு புதரை மிதிச்சுக்கிட்டு இறங்கிப் போயிடுச்சு.  அப்போ சிட்டாயிக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. இந்தச் சோலையில அவன் எத்தனை தடவை இப்படிக் கம்பமா நின்னிருக்கான், அவ எத்தனை தடவை இடிச்சுக்கிட்டுத் திட்டியிருக்கா. ஒவ்வொரு தடவையும் முன்னால என்ன நின்னுச்சோ. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன, இந்த ஆளுக்கு?

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் பின்னால காலடி நின்னுச்சு. இந்தத் தடவை கல்லும் இல்ல, யோசனையும் இல்ல. அவன் கால்ல அட்டை ஏறியிருக்கு, ஒவ்வொண்ணாப் பிச்சு எடுத்துக்கிட்டு இருக்கான். அவளுக்கு அது தெரியாதே. பாதையோரத்துல ஒரு பூ இருந்துச்சு, வாசமே இல்லாத பூ. அவ குனிஞ்சு அதை மோந்து பார்த்தா. காலடி கேட்கிற வரைக்கும் மோந்துக்கிட்டே இருந்தா.

"ம்."

அப்போ சோலை முடிஞ்சு மேடு வந்துச்சு. மேடுன்னா வெறும் புல்லு. மரம் கிடையாது. மிதிச்சா எலுமிச்சம்பழ வாசம் அடிக்கிற புல்லு, இடுப்பு உசரத்துக்கு. காத்து வந்தா மலை பூரா ஒரே பக்கமாச் சாயும், அப்புறம் ஒரே பக்கமா நிமிரும். அங்கேர்ந்து கீழ பார்த்தா பள்ளம் முழுக்கத் தெரியும். ஓடை ஒரு வெள்ளிக் கம்பி மாதிரி. சாமைக்காடு மஞ்சளா, சோலை கருப்பா. நாலஞ்சு கூரையிலேர்ந்து அடுப்புப் புகை நேரா மேல போகுது. இத்தனையும் நடந்தா வந்தோம்னு இருக்கும். பாதை எங்கேயோ தெரியும், எங்கேயோ தெரியாது, ஆனா உன் கால் வலிக்கு அது மொத்தமும் தெரியும். சிட்டாயி பார்த்தா. இதை விட்டுட்டுத்தான் போகப் போறோம்னு நினைச்சா.  

அப்புறம் மஞ்சு வந்துச்சு.

சத்தமே இல்லாம வந்துச்சு. முதல்ல கூரை எல்லாம் போச்சு. அப்புறம் ஓடை போச்சு. அப்புறம் பாறை. அப்புறம் அவ கால் விரல். எல்லாம் வெள்ளை. அவ நின்னிருக்கணும். ஆனா வெயில் போறதுக்குள்ள போகணுமே, ஊத்து பக்கத்துலதானே இருக்குன்னு நடந்தா. பாதை மண்ணு கெட்டியா இருக்கும், நடந்தா தட் தட்னு கேட்கும். கோம்பையன் பின்னால அந்தத் தட் தட்டைக் கேட்டுக்கிட்டே வந்தான். தட். தட். தட். சொத்.

சொத். சொத்.

புல்லு. அவ பாதையை விட்டுப் புல்லுல நடக்கிறா. எந்தப் பக்கம்? பாறைப் பக்கம்.

அவன் என்ன பண்ணலாம்? கூப்பிடலாம். கூப்பிட்டா நடை செல்லாது, அவனுக்கு வேண்டியதும் அதுதான். ஆனா கூப்பிட்டா அந்தச் சத்தம் பாறையிலேர்ந்துதான் அவளுக்குக் கேட்கும். அவ அதைப் பார்த்து நடப்பா. கையைப் பிடிக்கலாம்னு ஓடினா? எங்க ஓடறது, வெள்ளையில. அவன் அந்த ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்களோ அதைப் பண்ணினான். நின்னுட்டான்.

மத்த ஊர்க்காரங்களா இருந்தா, பின்னால சத்தம் நின்னதும் அவங்களும் நின்னுடுவாங்க. சின்னப் புள்ளையிலேர்ந்து பழக்கம். ஆனா இவ கீழ்நாட்டுக்காரி. இவளுக்கு இதை யாரும் சொல்லிக் குடுக்கல. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதை யாருமே யாருக்கும் சொல்ல மாட்டாங்க. அதுவும் இவனை விட்டுட்டுப் போகணும்னு நடக்கிறவ. இவன் காலடியை எதுக்கு அவ காதுல வெச்சுக்கணும்? அதைத்தான் அவன் மஞ்சுக்குள்ள நின்னு யோசிச்சான். அவ கேட்டுக்கிட்டு வர்றாளா, இல்லையா. அவ்வளவுதான் இனிமே எல்லாம்.

சொத்.

சொத்.

அப்புறம் ஒண்ணும் கேட்கல.

"...ம்?"

பயப்படாதே. விழல. நின்னுட்டா.

பின்னால காலடி இல்லேன்னதும் அவ கால் அதுபாட்டுக்கு நின்னுடுச்சு, ஓடையில நின்ன மாதிரி, சோலையில நின்ன மாதிரி. விடிகாலையிலேர்ந்து அவ காது பூரா முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. அவளுக்கே தெரியாம. திரும்பக் கூடாது. பேசக் கூடாது. சும்மா நிக்கவும் ஒரு மாதிரி இருந்துச்சு. கை தானா தலைக்குப் போச்சு. கொண்டை கெட்டியாத்தான் இருந்துச்சு. அவ அதை அவுத்தா. உதறினா. திரும்பச் சுத்திக் கட்ட ஆரம்பிச்சா.

பாதிக் கட்டுல அவ கை நின்னு போச்சு.

அப்படியே நின்னா, ரெண்டு கையும் தலையில. அந்த உருமா ஞாபகம் வந்துச்சு. ஒவ்வொரு வளைவுலயும். அவ விழுந்த அன்னைக்கும்.

அப்போ காத்து அடிச்சு மஞ்சு கொஞ்சம் விலகிச்சு. அவ கால் விரலுக்கு முன்னால புல்லு முடிஞ்சு போயிருந்துச்சு. அதுக்கு அந்தப் பக்கம் தரையே இல்ல. கீழ எங்கேயோ ஒரு பறவை, சின்னதா, பறந்து போயிக்கிட்டு இருந்துச்சு. பறவையோட முதுகைப் பார்த்தா அவ.

பின்னாலேர்ந்து "தொம், தொம், தொம்"னு சத்தம். கோம்பையன் கெட்டி மண்ணுல நின்னு, காலால தரையை இடிக்கிறான். காலால இடிக்கிற சத்தம் பாறைக்குப் போறதில்ல, மண்ணு வழியாத்தான் வரும்; நடக்கிற காலுக்கு அது தெரியாது, நின்ன காலுக்குத்தான் தெரியும். அவ ஒவ்வொரு அடியாப் பின்னால எடுத்து வெச்சு, அந்தத் தொம் தொம் கிட்ட வந்து சேர்ந்தா. பாதை கால்ல பட்டுச்சு. அவன் வியர்த்து ஊத்தி நிக்கிறான், அந்தக் குளிர்ல. அவ திரும்பிப் பார்க்கல. அவனும் பேசல. சட்டம் சட்டம்தானே. மறுபடியும் அவ முன்னால, அவன் பின்னால.

"ம்..."

ஊத்துகிட்ட மூப்பர் கம்பளியைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு.

"பேசினீங்களா?"ன்னாரு.

ரெண்டு பேரும் தலையை ஆட்டினாங்க, இல்லேன்னு.

"சேர்ந்துதான் வந்திருக்கீங்க. நடை செல்லும்." கூரையிலேர்ந்து ஒரு துரும்பை உருவினாரு. "ஆளுக்கு ஒரு முனை பிடிங்க. சீக்கிரம் ஆகட்டும், எனக்குக் கால் குடையுது."

சிட்டாயி ஒரு முனையைப் பிடிச்சா. கோம்பையன் ஒரு முனையைப் பிடிச்சான். அவன் கண்ணை மூடிக்கிட்டான். டக்குன்னு ஒடியற சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

"மூப்பரே, இப்பப் பேசலாமா?"ன்னு கேட்டா சிட்டாயி.

"நடைதான் முடிஞ்சுதே. பேசு."

அவ திரும்பி, அன்னைக்கு முதல் தடவையா அவன் மூஞ்சியைப் பார்த்தா. கன்னத்துல மூங்கில் அடிச்ச கோடு சிவப்பா இருந்துச்சு.

"மாமா, உங்க உருமா ஏன் அத்தனை தடவை அவுந்து போச்சு?"

அவன் கண்ணைத் திறந்தான். தரையைப் பார்த்தான். ஊத்துத் தண்ணி சலசலன்னு ஓடுது. 

"அது ஒரு நாளும் அவுந்ததில்ல புள்ள"ன்னான்.

அவ துரும்பு முனையை விட்டுட்டா. துரும்பு அவன் கையிலேயே முழுசா இருந்துச்சு. மூப்பர் அதைப் பிடுங்கி, "இதுக்குத்தானா என்னை வெளிய உட்கார வெச்சீங்க"ன்னு சொல்லி, காதைக் குடைஞ்சுக்கிட்டே உள்ள போயிட்டாரு.

அப்புறம் இறங்கணுமே. பாதை அப்படியேதான் இருக்கு, ஒரு விரல் கூட அகலம் ஆகல. கோம்பையன் பழக்கத்துல முன்னால போகப் பார்த்தான். அவ அவனை ஒதுக்கிட்டு முன்னால வந்தா.

"இன்னைக்கு நானே முன்னால போறேன். நீங்க கொஞ்சம் சத்தமா நடங்க"ன்னா.

அன்னைக்கு அந்தப் பள்ளத்துல அடுப்படியில இருந்தவங்க எல்லாம் கேட்டாங்க. தொம் தொம் தொம் தொம். யானை இறங்குதான்னு எட்டிப் பார்த்தா கோம்பையன் நடந்து போறான். ஊரே சிரிச்சுது. அவன் உருமாவைக் கூடத் தொடல. அதுக்கப்புறம் அந்தப் பாதையில ஒரு நாள் அவ முன்னால, ஒரு நாள் அவன் முன்னால. யாரு முன்னால போனாலும் ஓடைகிட்ட ஒரு தடவை, சோலைகிட்ட ஒரு தடவை, மேட்டுல ஒரு தடவை நின்னு...

கண்ணு?

"ம்" வரலையே.

சரி. நானும் இங்க நின்னுக்கறேன். போர்வையைச் சரி பண்ணிவிடறேன். அது சரியாத்தான் இருக்கு, இருந்தாலும்.

...

வரல. மஞ்சு இறங்கியாச்சு, பாதை தெரியல, கதை இந்த வளைவுல உட்கார்ந்துக்கிட்டுது. தூங்கு.